சீமையிலிருந்து திரும்பிய மாப்பிள்ளை: காணாமற்போன ‘பிலாத் ஃபெரத்’

1921 பிப்ரவரியில் கல்கத்தாவின் பவானிப்பூர்ப் பகுதியிலிருந்த ரஸா திரையரங்கில் ஒரு மௌனப்படம் வெளியாயிற்று. வங்காளப் பெயர் ‘பிலாத் ஃபெரத்’; ஆங்கில விளம்பரங்களில் ‘இங்கிலாந்து ரிட்டர்ன்டு’. கதையை எழுதி நாயகனாகவும் நடித்தவர் தீரேந்திரநாத் கங்கோபாத்யாய். வங்கத் திரையுலகம் அவரை ‘டி.ஜி.’ என்றே அழைத்தது. இயக்கியவர் நிதீஷ் சந்திர லாஹிரி. தயாரித்தது இவர்கள் சேர்ந்து தொடங்கிய இண்டோ பிரிட்டிஷ் ஃபிலிம் கம்பெனி. படத்தின் ஒரு சுருள் கூட இன்று இல்லை.

எஞ்சியிருப்பவற்றுள் முக்கியமானது படத்தை அறிமுகப்படுத்திய ஒரே ஒரு வாக்கியம். நெடுநாள் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் தாயகம் திரும்பும் இளைஞன் ஒருவன், தான் பெற்ற அந்நியப் பயிற்சியில் மயங்கி, காதலையும் மணவாழ்வையும் பற்றிய தன் விசித்திரக் கொள்கைகளால் பெற்றோர் வீட்டாரைத் திகைக்க வைக்கிறான் என்பது அதன் சாரம். திரைவரலாற்று நூல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் இன்றுவரை இப்படத்தின் ‘கதை’யாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த வாக்கியத்தின் நீட்சியே. ‘இந்தியாவின் முதல் காதல் படம்’, ‘முதல் காதல் நகைச்சுவை’ என்னும் பட்டங்களும் இதன்மேல் எழுந்தவைதாம். பட்டங்கள் ஒருபுறம் கிடக்கட்டும். 1921இல் ஒரு கல்கத்தாப் பார்வையாளர் இந்த வாக்கியத்தைப் படித்தபோது எதை எண்ணிச் சிரித்திருப்பார் என்ற கேள்விக்குப் படச்சுருள் இல்லாமலும் ஓரளவு விடை தேடலாம். விடையின் ஒரு பகுதி தலைப்பிலேயே இருக்கிறது.

‘விலாயத்’ என்பது அரபு மூலமுடைய சொல். ஆட்சிப்பகுதி என்று பொருள். பாரசீகத்தின் வழியாக இந்திய மொழிகளுக்குள் வந்து, காலனிய காலத்தில் ‘இங்கிலாந்து’ என்று பொருள் சுருங்கியது. வகரத்தைப் பகரமாக ஒலிக்கும் வங்காளத்தில் அது ‘பிலாத்’ ஆனது. இதே சொல்லை இந்தியாவிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் தங்கள் நாட்டைக் குறிக்க எடுத்துக்கொண்டு ‘பிளைட்டி’ ஆக்கினார்கள். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் அது ஏக்கச் சொல்லாகப் புழங்கியது. இந்தியர்கள் அவர்கள் நாட்டுக்கு வைத்த பெயரையே அவர்கள் தம் நாட்டுக்குச் செல்லப்பெயராக வைத்துக்கொண்டது மொழிவரலாற்றின் குறும்புகளில் ஒன்று. தமிழில் ‘சீமை’ என்ற சொல் நடந்த பாதையும் ஏறத்தாழ இதுவே. எல்லை, நிலப்பகுதி என்ற பொருளில் தொடங்கிய சொல், கடலுக்கு அப்பாலிருந்து வந்த எதற்கும் அடைமொழியாயிற்று. தமிழர் மண்ணெண்ணெயைச் சீமை எண்ணெய் என்றனர்; வங்காளியர் தக்காளியைப் ‘பிலாதி பேகுன்’, அதாவது சீமைக் கத்தரிக்காய் என்றனர்.

‘ஃபெரத்’ என்றால் திரும்பியது, திரும்பியவர். இரண்டும் சேர்ந்த தொகைச்சொல் வெறும் பயணக் குறிப்பாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்கத்தில் அது ஒரு சமூக வகை, ஏறக்குறைய ஒரு புதுச் சாதி. கடல் கடந்தவன் சாதி இழந்தவன். பிராயச்சித்தம் செய்தால் மட்டுமே பந்தியில் இடம். 1886இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய கவிஞரும் நாடக ஆசிரியருமான துவிஜேந்திரலால் ராய் பிராயச்சித்தம் செய்ய மறுத்து, ஒதுக்கிவைக்கப்பட்டார். அந்தக் கசப்பில் 1889இல் ‘ஏக்கரே’ என்ற கண்டனச் சிறுநூலை எழுதினார். ‘ஒதுக்கிவைக்கப்பட்டவன்’ என்பது அத்தலைப்பின் பொருள். தம் நகைச்சுவைப் பாடல்களில் ‘பிலாத் ஃபெர்த்தா’க்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. தம்மையும் சேர்த்தே கேலி செய்துகொண்டார்.

இது வங்கத்துக்கு மட்டும் உரியது என்று கருத வேண்டியதில்லை. ‘பிலாத் ஃபெரத்’ வெளிவருவதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பு, 1920 ஏப்ரலில், கணிதமேதை ராமானுஜன் சென்னையில் காலமானார். அவர் கடல் கடந்தவர் என்ற காரணத்தால் வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்று அவரது வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சீமை சென்று திரும்பியவனை வைத்துச் சிரிப்பதற்குப் பின்னால் இத்தகைய கனம் இருந்தது.

இங்கே மௌனப்படத்துக்கே உரிய ஒரு சிக்கல் எழுகிறது. சீமை திரும்பியவனைக் கேலி செய்யும் மரபு அதுவரை நாக்கில் வாழ்ந்தது. பிரகசனம் என்ற சிறு கேலி நாடகங்களில் அவன் வங்காளத்துக்குள் ஆங்கிலத்தைத் திணித்துப் பேசுவான். தாய்மொழியையே தடுமாறித் தடுமாறி உச்சரிப்பான். மைக்கேல் மதுசூதன் தத்தர் 1860இல் எழுதிய ‘ஏகேய் கி பலே சப்யதா’ ஆங்கிலம் படித்த உள்ளூர் இளைஞர்களைப் பற்றியது. அதன் சிரிப்பிலும் பெரும்பங்கு இந்தக் கலப்புமொழியிலிருந்தே வருகிறது. மௌனப்படத்தில் நாக்கு இல்லை. காட்சிகளுக்கிடையே தோன்றும் எழுத்து அட்டைகளில் ஒரு வரியைக் காட்டலாமே தவிர, உச்சரிப்பைக் காட்ட முடியாது. ஆகவே அந்தக் கேலி முழுவதும் உடலுக்கு இடம்பெயர வேண்டியிருந்தது: தொப்பியைக் கழற்றும் விதம், தரையில் உட்கார வராத கால்கள், கைக்குட்டை, நடை, கண்.

டி.ஜி.க்கு அது கைவந்த கலை. சாந்திநிகேதனில் பயின்று, ஓவியக் கல்வி பெற்று, ஹைதராபாத்தில் கலைப்பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். திரைக்கு வருவதற்கு முன்பே ‘பாபேர் அபிவ்யக்தி’ என்ற புகைப்பட நூலை வெளியிட்டிருந்தார். ‘பாவங்களின் வெளிப்பாடு’ என்று அதைச் சொல்லலாம். அதில் வெவ்வேறு ஒப்பனைகளில், ஆணாகவும் பெண்ணாகவும், வெவ்வேறு தொழில்களும் வயதுகளும் உடையவர்களாகவும் தோன்றுபவர் அவர் ஒருவரே. ஒவ்வொரு படமும் ஒரு முகபாவம், ஒரு சமூக வகை. நாட்டியத்தில் அபிநயம் என்று சொல்லப்படுவதையும், வீதியில் ஒருவனைப் பார்த்த கணத்திலேயே அவன் வக்கீலா குமாஸ்தாவா என்று அடையாளம் காணும் நகரக் கண்ணையும் அந்நூல் ஒன்றாகப் பிணைத்தது. காளிகாட் ஓவியங்களின் வழுவழுப்பான பாபுக்களும், ககனேந்திரநாத் தாகூரின் கேலிச்சித்திரங்களும் இதே மரபின் கிளைகள். ககனேந்திரநாத்தின் ‘நபஹுல்லோட்’ என்ற கேலிச்சித்திரத் தொகுப்பு வெளியானதும் 1921இல்தான். ‘பிலாத் ஃபெரத்’தின் நாயகன் எப்படி நின்றான், எப்படிப் புருவம் தூக்கினான் என்பதற்கு இன்று கிடைக்கும் மிக நெருங்கிய சான்று அந்தப் புகைப்பட நூல்தான்.

விசித்திரக் கொள்கைகள் என்று அந்த அறிமுக வாக்கியம் சொல்வது எவற்றை? ‘காதலும் மணவாழ்வும்’ என்ற இணைப்பே கவனத்துக்குரியது. மேற்கத்திய காதல் நகைச்சுவையில் காதல் முதலில் வரும். திருமணத்தோடு படம் முடியும். 1921இன் வங்காள உயர்சாதி வீட்டில் அந்த வரிசைக்கு இடமில்லை. திருமணத்துக்கு முன் ஆணும் பெண்ணும் சந்திப்பதே அரிது. எனவே காதல் என்று ஒன்று நிகழ வேண்டுமானால் அது தாலிக்குப் பிறகு, வங்காளத்தில் சொல்வதானால் சிந்தூரத்துக்குப் பிறகுதான் நிகழ முடியும். ரவீந்திரநாத் தாகூரின் ‘சமாப்தி’ கதை (1893) இதற்கு அழகிய முன்னோடி. கல்கத்தாவில் பட்டம் பெற்றுத் திரும்பும் அபூர்வன், தாய் பார்த்துவைத்த பெண்ணை விட்டுவிட்டு, ஊர் சுற்றும் துடுக்குப் பெண் மிருண்மயியை மணக்கிறான். மணமான பிறகே அவளிடத்தில் காதல் அரும்புகிறது. இந்தியச் சூழலில் காதல் நகைச்சுவை என்பது பெரும்பாலும் புதுமணத் தம்பதியரின் நகைச்சுவையாகவே இருந்ததற்கு இதுவே காரணம்.

அதிலும் ஒரு தடை. மணமானவர்கள் கூடச் சந்தித்துக்கொள்ள முடியாது. கூட்டுக்குடும்பத்தில் பகலில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்ப்பதும் பேசுவதும் நாணமின்மையாகக் கருதப்பட்டன. வங்காளத்தின் முதல் தன்வரலாறாகிய ‘ஆமார் ஜீபன்’ நூலில் ராசசுந்தரி தேவி எழுதும் ஒரு நிகழ்ச்சி புகழ்பெற்றது. கணவரின் குதிரை முற்றத்தில் நிற்கிறது. அதன்மேல் அவருடைய மகன் அமர்த்தப்பட்டிருக்கிறான். வந்து பார்க்கும்படி அவரை அழைக்கிறார்கள். கணவரின் குதிரை தம்மைப் பார்த்துவிடுமே என்று கூசி அவர் உள்ளே மறைந்துகொள்கிறார். பிற்காலத்தில் அதை நினைத்து அவரே வெட்கப்பட்டதும் அந்நூலில் உண்டு. இத்தகைய வீட்டுக்குள் ஒருவன் சீமைக் கோட்டோடு வந்து, அனைவர் முன்னிலையிலும் மனைவியின் கையைப் பற்றினால் என்னவாகும்?

அப்படியொரு வீட்டில் உண்மையாகவே நடந்த ஒன்று, எந்த நகைச்சுவைப் படத்துக்கும் குறையாதது. சத்யேந்திரநாத் தாகூர் ரவீந்திரநாத்தின் தமையன். இந்தியர்களில் முதலில் ஐ.சி.எஸ். தேர்ச்சி பெற்றவர். அவர் தம் நண்பர் மனமோகன் கோஷுக்குத் தம் மனைவி ஞானதாநந்தினியை அறிமுகப்படுத்த விரும்பினார். ஆனால் அந்தப்புரத்துக்குள் அயலார் நுழைய முடியாது. ஓரிரவு இருவரும் காலடி ஓசை ஒன்றாகவே கேட்கும்படி அடிக்கு அடி சேர்த்து நடந்து உள்ளே போனார்கள். நண்பரைக் கொசுவலைக்குள் அனுப்பிவிட்டு சத்யேந்திரநாத் ஒதுங்கிக்கொண்டார். வலைக்குள் மனமோகனும் ஞானதாநந்தினியும் ஆளுக்கொரு பக்கம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தனர். சற்று நேரத்தில் வந்த வழியே நண்பரைக் கொண்டுபோய் விட்டார் கணவர். முதுமையில் ஞானதாநந்தினியே நினைவுகூர்ந்த செய்தி இது. கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி எடுத்தாலே போதும், வசனம் தேவையில்லை.

சிரித்து முடித்த பிறகு ஒன்று உறைக்கிறது. ஞானதாநந்தினிக்கு மணமானபோது வயது ஏழெட்டு. கொசுவலைக்குள் வாயடைத்து உட்கார்ந்திருந்தவள் இன்னும் சிறுமி. 1862இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சத்யேந்திரநாத் அங்கிருந்து அவளுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு கருத்தைத் தெளிவாக முன்வைத்தார்: நீ வளர்ந்து, கல்வி பெற்று, முழு மனுஷியாகும்வரை நாம் கணவன் மனைவி என்ற உறவில் நுழைய வேண்டாம். அவளை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொள்ள விரும்பினார். தந்தை தேவேந்திரநாத் இசையவில்லை. பெற்றோர் வீட்டின் கண்ணில் இவை காதலையும் மணவாழ்வையும் பற்றிய விசித்திரக் கொள்கைகளாகவே பட்டிருக்கும்.

‘பிலாத் ஃபெரத்’ திரையிடப்பட்ட ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியச் சட்டப்படி பெண்ணின் சம்மத வயது 12. கணவனுக்கும் அதே எல்லைதான். கல்கத்தாவில் ஏறத்தாழப் பதினொரு வயதுச் சிறுமி பூல்மணி கணவனின் வன்கலவியால் உயிரிழந்ததை அடுத்து, பெரும் எதிர்ப்புக்கிடையே 1891இல் வந்த சட்டம் அது. மணவாழ்வில் அது 13 ஆக உயர்ந்தது 1925இல். பெண்ணுக்குத் திருமண வயது 14 என்று சார்தா சட்டம் வரையறுத்தது 1929இல். புதுமணத் தம்பதியர் என்றதும் இன்றைய வாசகர் மனத்தில் எழும் சம வயது இணையை 1921இன் திரையில் அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறு. படத்தை ‘முதல் காதல் நகைச்சுவை’ என்று கொண்டாடும் குறிப்புகள் இந்த இடைவெளியைக் கடந்து போய்விடுகின்றன. அன்றைய அரங்கில் எழுந்த சிரிப்பு, மனைவியிடம் காதலை எதிர்பார்க்கும் கணவனின் அசட்டுத்தனத்தைப் பார்த்து எழுந்ததா, அல்லது அதைக் கண்டு மிரளும் வீட்டாரைப் பார்த்து எழுந்ததா என்பதைப் பொறுத்து அது இரு வேறு படங்களாகிவிடும். டி.ஜி. இரு தரப்பையும் சேர்த்தே கேலி செய்தார் என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுக் கருத்து. சாந்திநிகேதனில் வளர்ந்து, தாகூர் குடும்பத்தோடு மண உறவும் கொண்ட ஒருவருக்கு இரு தரப்பும் உள்ளிருந்தே தெரிந்தவை என்பதால் அக்கருத்து ஏற்கத்தக்கது.

ஒரு நெருடல் மட்டும் தங்குகிறது. இந்தக் கேலி மரபில் விலை கொடுப்பவள் எப்போதும் மனைவியே. ரவீந்திரநாத்தின் ‘பிராயச்சித்தம்’ கதையில் (1894) அநாதபந்து மனைவி விந்தியவாசினியின் வீட்டுப் பணத்தைத் திருடி இங்கிலாந்து போகிறான். பழியை அவள் தன்மேல் ஏற்றுக்கொள்கிறாள். திரும்பி வந்து, பிராயச்சித்தச் சடங்கு நடந்து பண்டிதர்கள் கூடியிருக்கும் வேளையில், அவனைத் தேடி வாசலில் வந்து நிற்கிறாள் அவன் மணந்துகொண்ட ஆங்கிலப் பெண். சீமை திரும்பியவனைப் பற்றி இதைவிடக் கூர்மையான நகைச்சுவை எழுதப்பட்டிருக்கிறதா என்பது ஐயமே. அதைப் படிப்பவர் யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை.

படம் எப்படி அழிந்தது என்பது பெரிய மர்மம் எதுவுமில்லை. அக்காலச் சுருள்கள் நைட்ரேட் கலந்தவை. வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் பொடியாகும், எளிதில் தீப்பற்றும். எடுக்கப்பட்ட பிரதிகள் சில. அவை தேயும்வரை அரங்கு அரங்காக ஓடின. 1931இல் பேசும்படம் வந்ததும் மௌனப்படத்துக்குச் சந்தை மதிப்பு மறைந்தது. சுருளில் உள்ள வெள்ளிக்கு மட்டும் மதிப்பு இருந்தது. இந்தியாவில் தயாரான மௌனப்படங்கள் 1,300க்கு மேல் என்பது வரலாற்றாளர்களின் கணக்கு. முழுதாகவோ துண்டாகவோ எஞ்சியவை முப்பதைத் தாண்டுவதே கடினம். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமாகிய நடராஜ முதலியாரின் ‘கீசக வத’மும் அழிந்தவற்றுள் ஒன்று.

மனத்தை உறுத்துவது வேறொன்று. படம் மறைந்தபோதும் அதை எடுத்தவர்கள் மறைந்துவிடவில்லை. இயக்குநர் லாஹிரி பிற்காலத்தில் பன்னாட்டு ரோட்டரி அமைப்பின் தலைவரானார். 1962–63இல் அப்பதவியை வகித்த முதல் ஆசியர் அவரே. டி.ஜி. ஹைதராபாத் சென்று லோட்டஸ் ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார். ‘லேடி டீச்சர்’, ‘தி மேரேஜ் டானிக்’ என்று அங்கு எடுத்த படங்களின் பெயர்களே அவர் பழைய விளையாட்டை விடவில்லை என்று காட்டுகின்றன. 1924இல் ‘ரஜியா பேகம்’ படத்தைத் திரையிட்டதற்காக நிஜாமின் ஆணையால் அவ்வூரை விட்டு வெளியேற நேர்ந்தது. கல்கத்தா திரும்பி 1929இல் பிரிட்டிஷ் டொமினியன் ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது தேவகி போஸ், பி.சி. பருவா போன்றோர் அதன் வழியாகவே திரைக்கு வந்தனர். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1964இல் அமைந்தபோது டி.ஜி. உயிரோடு இருந்தார். 1974இல் பத்மபூஷண் பெற்றார். அடுத்து தாதாசாகேப் பால்கே விருது வந்தது. 1978இல் காலமானார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாயகன் கல்கத்தாவில் நடமாடிக்கொண்டிருந்தார். காட்டுவதற்குப் படம்தான் இல்லை.

இதற்கு நேர்மாறான அதிர்ஷ்டம் வாய்த்தது ‘ஜமாய் பாபு’வுக்கு. ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்திருக்கும் மிகச் சில வங்காள மௌனப்படங்களில் அது ஒன்று. காளிபத தாஸ் இயக்கி நடித்து 1931இல் வெளிவந்த சிறிய நகைச்சுவைப் படம். கலையழகில் அதற்கு உயர்ந்த இடம் யாரும் தரமாட்டார்கள். நாயகன் கோபர்தன், கல்கத்தாவிலுள்ள மாமனார் வீட்டுக்கு விருந்தாட வரும் பட்டிக்காட்டு மாப்பிள்ளை. நகரத்தில் வழி தவறுகிறான், மிரள்கிறான், இடிபடுகிறான். சீமை திரும்பிய மாப்பிள்ளையை அப்படியே தலைகீழாக்கினால் கோபர்தன் கிடைப்பான். முன்னவன் தன் வீட்டுக்கே அந்நியன். பின்னவன் நகரத்துக்கு அந்நியன். இருவரும் மனைவி இருக்கும் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாதவர்கள். பத்து ஆண்டுகளில் கேலியின் இலக்கு மேல்தட்டிலிருந்து நாட்டுப்புறத்துக்கு நகர்ந்திருக்கிறது. அதைக் கவனிக்க ‘பிலாத் ஃபெரத்’தின் அந்த ஒற்றை வாக்கியமேனும் தங்கியது நல்லதாயிற்று. கோபர்தன் கல்கத்தாவைச் சுற்றிவரும் காட்சிகளில் விக்டோரியா நினைவு மண்டபமும் வருகிறது. ‘பிலாத் ஃபெரத்’ ரஸா அரங்கில் ஓடிய நாட்களில் அம்மண்டபம் இன்னும் திறக்கப்படவில்லை.